அம்மாவின் எண்ணெய்த் தலை

எங்கள் அப்பாவுக்கு நில அளவை வேலை. மாதத்தில் பாதி நாள் கேம்ப் என்று கிளம்பிவிடுவார். கேம்ப் என்றால் கூடாரம், மடக்குக் கட்டில், காட்டில் சமையல் என்று நானும் தம்பியும் ஏங்கிக் கிடந்தோம். எங்களையும் கூட்டிப் போகச் சொல்லி மூன்று வருடம் நச்சரித்தோம். அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு சாரல் காலத்தில், அப்பா யாரிடமோ பழைய கறுப்புக் கார் ஒன்றை இரவல் வாங்கி, மேலே கூடாரத்தைக் கட்டி, வாசுதேவநல்லூரிலிருந்து எங்களைக் குற்றாலத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பாவின் அக்காவும் கூட வந்தாள். அத்தை வராமல் எங்கள் வீட்டில் எதுவும் நடக்காது.

குற்றாலத்தில் குரங்குகளுக்குப் பயந்து யாராவது ஒருவர் சாமானுக்குக் காவல் இருந்தே ஆக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது ஒருவர் எப்போதும் அம்மாதான். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒவ்வொரு சாரலுக்கும் வந்திருக்கிறாள். ஒரு தடவைகூட அருவிக்குள் நின்றதில்லை. முதலில் கைக்குழந்தையாக நாங்கள், பிறகு சோற்றுப் பானை, பிறகு ஈரத்துணி மூட்டை. இந்தத் தடவையும் முதல் நாள் அப்படியே போனது. நாங்கள் பழைய குற்றாலத்தில் கூத்தடித்துவிட்டுப் பல் கிடுகிடுக்கத் திரும்பியபோது, அம்மா கூடார வாசலில் கம்போடு நின்றாள். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பசி அதிகமாக இருந்ததால் அதை வெளியில் காட்டவில்லை.

அப்பாவுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். "நாளைக்கு மலையேறி ஆரியங்காவுப் பக்கம் பாலருவிக்குப் போறோம். அங்கன முதல் குளி ஒனக்குத்தான்" என்றார்.

மறுநாள் காலையில் கூடாரத்தையும் பிரித்துக் காரில் ஏற்றினோம். அம்மா புளியோதரையைக் கிளறிக் கட்டி முடித்த கையோடு, நல்லெண்ணெயைக் காய்ச்சி, உச்சியில் வைத்து, காது மடலில் வழிகிற அளவுக்குத் தேய்த்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

அத்தை திகைத்துப்போனாள். "ஏட்டி, எண்ணெத் தலையோட யாராவது பிரயாணம் கெளம்புவாங்களா?"

"குளிக்கத்தான மதினி போறோம்" என்றாள் அம்மா.

எண்ணெய் தேய்த்தவரைக் குளிக்க விடாமல் வைத்திருந்தால் குடும்பத்துக்கே ஆகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டவள் அத்தை. ஆகவே அன்றைக்கு அம்மாவைக் காவலுக்கு உட்கார வைக்க யாராலும் முடியாது. இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அப்போது எண்ணெய் என் பாவாடையில் படாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

செங்கோட்டை தாண்டி, புளியரை தாண்டி, கார் மலையில் ஏறியது. ஏறியது என்பதே கொஞ்சம் மிகைதான். நாலாவது வளைவில் பெருமூச்சு விட்டது; ஆறாவது வளைவில் மூக்கிலிருந்து ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றேவிட்டது. அப்பா மூடியைத் தூக்கி உள்ளே வெகுநேரம் பார்த்தார். எல்லைக்கல்லைத் தவிர வேறெதையும் பார்த்து அவருக்கு எதுவும் விளங்காது என்பது எங்களுக்குத் தெரியும்.

"இதுக்கு மேல ஏறாது. சூடு ஆறினதும் தண்ணி ஊத்தித் திரும்பிருவோம்" என்றார். பிறகு அம்மாவின் தலையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீ டென்ட்ல வெந்நி போட்டுக் குளிச்சுக்கோ" என்றார்.

வெந்நீராம்! எனக்கு வந்த கோபத்தில் காரை ஓர் உதை விட்டேன். அம்மா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நெற்றியில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, காரிலிருந்த பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள்.

"நீங்க வண்டியப் பாருங்க. தண்ணி நான் கொண்டாரேன்."

வளைவைத் தாண்டிப் போனாள். கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி ஆயிற்று, ஆளைக் காணோம். புலி கிலி அடித்திருக்குமோ என்று தம்பி ஆர்வமாகக் கேட்டான். அத்தை அவன் தலையில் ஒன்று வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவரச் சொன்னாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம், சாலையை ஒட்டிய பாறையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பெயரில்லாத அருவி, ஒரு வேட்டி அகலம்கூட இருக்காது. அதற்கு அடியில், கட்டிய சேலையோடு, தலைமுடி அவிழ்ந்து முகத்தை மறைக்க, அம்மா நின்றாள். பக்கத்தில் குடம் நிரம்பி வழிந்தது. உலர்ந்த கல்லின் மேல் மாற்றுச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. குடத்துக்குள் அதை மடித்து வைத்துத்தான் கொண்டுவந்திருக்கிறாள்.

"ஏ அத்த, எங்கம்மா அருவில நிக்குதா!" என்று தம்பி திரும்பி ஓடினான்.

நான் பாவாடையோடு உள்ளே போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். எண்ணெயில் கை வழுக்கியது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி வாயைத் திறந்து அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு ஏனோ அழுகை வந்தது. தண்ணீருக்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று நன்றாகவே அழுதேன்.

அத்தை மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். முதலில் சேலையைப் பார்த்தாள். "தண்ணி எடுக்க வந்தவளுக்கு மாத்துச் சேல எதுக்குட்டி?" என்று தொடங்கினாள். சாரல் முகத்தில் அடித்தது. பேச்சைப் பாதியில் விட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களை நெருக்கித் தள்ளி நின்றுகொண்டாள்.

"அப்பா எங்கட்டி?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"கார்கிட்ட நிக்குதாங்க."

"அங்கனயே நிக்கட்டும். சாமானுக்கு ஒரு ஆள் காவல் வேணும்லா."

சொல்லி முடிக்கவில்லை, வளைவுக்கு அப்பாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. முதலில், தண்ணீர் என்னாயிற்று என்று கத்தினார். அடுத்து "சூ! சூ!" என்று கத்தினார். அதற்கடுத்து, "ஐயோ, கொரங்கு புளியோதரய எடுத்துட்டுப் போவுதே, ஓடிவாங்க!" என்றார்.

அம்மாவுக்கு நன்றாகவே கேட்டது. மெதுவாகத் திரும்பி, இன்னொரு தோளை அருவிக்குக் கொடுத்து நின்றாள்.