அம்மாவுக்கு அனுப்பிய அருவி

இப்போது போனை நீட்டினால் படத்தில் அருவி தானாகவே பாலாக வழிகிறது. எங்கள் மாமாவுக்கு அது அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை. விடிந்ததும் விடியாததுமாக மலைப்பாதையில் இறங்க வேண்டும், வழுக்குப் பாறையில் கேமரா ஸ்டாண்டை நிறுத்த வேண்டும், நடுநடுவே குரங்குகளையும் திட்ட வேண்டும்.

மாமா என் அம்மாவின் தம்பி. கொடைக்கானலில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். சோறு போட்டது பாஸ்போர்ட் போட்டோ. பைத்தியம் பிடித்தது அருவி மேல். அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா மன்னவனூர் கேரட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு எப்போதும் ரோட்டில் இருப்பார். ஒன்பது வயதில் நான் மாமாவின் ஸ்டுடியோவில், நீலத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினேன். மாமா பேசினால் அருவியைப் பற்றித்தான் பேசுவார், இல்லாவிட்டால் பேசவே மாட்டார். அழுகை வந்தால் அழுவதற்குத் திரைக்குப் பின்னால் வசதியாக இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா போனில் கூப்பிடுவாள். முதலில் அனுப்பிய போட்டோவில் நான் விறைப்பாக நின்றதைப் பார்த்துவிட்டு, "அம்மா மேல கோவமா தாயி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

பக்கத்து ஊர் வடகவுஞ்சிக்காரர் ஒருவர் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புவதாகத் தெரிந்ததும், மாமா அவரிடம் கொடுத்தனுப்பப் பழனி பஞ்சாமிர்தம் வாங்கி வைத்தார். கூடவே என் போட்டோவும் போக வேண்டும். ஸ்டுடியோவில் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. மாமாவுக்கு அது கௌரவக் குறைச்சல். வடகவுஞ்சிக்காரர் கிளம்பும் நாளன்று காலையில் மாமா என்னை அருவிக்கே கூட்டிப் போனார்.

"வெரசா வா. வெயில் தண்ணி மேல அடிச்சா எல்லாம் வெளுத்துப் போயிரும்."

வெல்டிங் பட்டறையில் வாங்கிய கறுப்புக் கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டு லென்சுக்கு முன்னால் கட்டினார். வெளிச்சம் குறைந்தால்தான் கேமரா வெகுநேரம் திறந்திருக்கும், தண்ணீரும் பாலாக வரும் என்பது அவருடைய கணக்கு. படம் பச்சையாகத்தான் விழும். அதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்வார்.

நான் போய் நடுவில் நின்றேன்.

"நடுவுல கல்யாண ஜோடிதான் நிக்கும். நீ ஓரமா அந்தப் பாறைகிட்ட போ. பத்து எண்ணுவேன், அசையவே கூடாது."

மாமா வாட்சையே பார்த்து எண்ண ஆரம்பித்தார். அசையாமல் நின்றால் அம்மா மறுபடியும் அதையேதான் கேட்பாள். நான் சிரித்தேன். கையை ஆட்டினேன். அதுவும் போதாது என்று தோன்றவே, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு குதித்தேன். எடுத்த படம் கேமராவின் சின்னத் திரையில் முழுக்கப் பச்சையாகத் தெரிந்ததால் மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் டூரிஸ்ட் வேன்கள் வந்து நின்றன, வெயிலும் வந்துவிட்டது.

ஸ்டுடியோவில் பச்சையை எடுத்ததும் அருவி பிரமாதமாக இருந்தது. பாறை ஓரத்தில் சிவப்பாக ஏதோ கலங்கியிருந்தது. அது நான்.

"அசைஞ்சிட்டியே தாயி! புகை மாதிரில்ல கெடக்கு. இத அனுப்புனா அக்கா பயந்துரும்."

மாமா கம்ப்யூட்டரில் பக்கத்துப் பாறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து என் மேல் வைத்தார். கை போனது, கால் போனது, கடைசியாக முகமும் போனது. அதைப் பிரிண்ட் எடுத்துக் கவரில் போடும்போதே வடகவுஞ்சிக்காரர் வாசலில் வந்து நின்றார்.

நான் ஓடிப்போய் நீலத் திரைக்கு முன்னால் நின்றேன். "மாமா, இன்னொண்ணு எடுங்க."

"மதுரை பஸ் போயிரும்ங்க" என்றார் அவர். பஞ்சாமிர்தத்தையும் கவரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று நான் திரைக்குப் பின்னால் போகவில்லை. மாமாவுக்கு எதிரிலேயே அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கூப்பிட்டபோது மாமா என்னவோ தயங்கிக்கொண்டு போனைக் கொடுத்தார்.

"போட்டோ வந்துச்சாம்மா?"

"வந்துச்சு தாயி. அருவிகிட்ட எம்புட்டு அழகா சிரிச்சுக்கிட்டு நிக்கிற! வளந்துட்டியே."

"கோவமா நிக்கலேல்ல?"

"இல்ல தாயி. பாத்தாலே தெரியுது."

எனக்குத் தெரியாமல் மாமா என்னைத் திரும்பவும் படத்தில் சேர்த்துவிட்டார் என்று முடிவு செய்தேன். கம்ப்யூட்டரில் அவரால் முடியாதது எதுவும் இல்லை என்று நம்பியிருந்தேன். அவரைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு விளையாட ஓடினேன். வாசலிலிருந்து திரும்பிப் பார்த்தபோது அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நீலத் திரைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

தனியாக இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்த வயது அது. நான் இல்லாத படத்தில் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டே அம்மா என்னிடம் அவ்வளவு சந்தோஷமாகப் பேசினாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.