படத்துக்குப் பின்னால் படம்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வளைகுடாவில் நாங்கள் தங்கியிருந்த சத்வா ரூமின் ஏசி ஃபில்டரைக் கழுவியது. 1989 ஜூலை, வெள்ளிக்கிழமை. நான் ஏசி மெக்கானிக். கழற்றிய ஸ்க்ரூக்களை அப்பா உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"நாளைக்கு அந்த கிளப்புக்குப் போணுமாம்லே. காலப் புடிக்கணுமாம்."

அப்பா மரியராஜ், முட்டத்துக்காரர். கடலுக்குப் போகாமல் தச்சு படித்தவர். சத்வாவில் ஒரு கடையில் படங்களுக்குச் சட்டம் போட்டார். சூடானி வியாபாரிகளின் கிளப்புக்கு அவர்கள் நாட்டுத் தலைவர் படம் அங்கிருந்துதான் போகும். தலைவர் மாறினால் அதே சட்டத்தில் புதுப்படம். இறக்கிய படத்தைத் திருப்பி, முட்டு அட்டையாகப் பின்னால் வைத்துவிடுவார்.

"எறங்குனவன் ஏறுனவனுக்கு முட்டுக்குடுக்கான். அட்டைக்கு என்னதுக்கு வீண்செலவு?"

கிளப் செயலாளர் இத்ரீஸ், முன்பு சூடான் அதிபராக இருந்த நிமேரியின் படத்தைத் தலைப்பாகை நுனியால் துடைத்து வாங்கிப்போனவர். 1985இல் நிமேரி அமெரிக்கா போயிருந்த நேரம் பார்த்து ராணுவம் ஆட்சியை எடுத்தது. இத்ரீஸ் அதே படத்தில் துப்பிவிட்டு, தளபதி படத்தோடு வந்தார். மறு ஆண்டு தேர்தலில் வென்றவர் படம். 1989 ஜூனில் இன்னொரு பட்டாளக்காரர் வந்தார். அவர் படத்தையும் இத்ரீஸே கொண்டுவந்தார். ஒவ்வொரு முறையும் அதே பல்வரிசை, அதே சிரிப்பு.

கிளப் சுவரில் மாட்டும்போது சட்டம் விழுந்து உடைந்தது. விருந்தாளிகள் முன்னால், உள்ளே இருந்த நான்கு தலைவர்களின் படங்களும் தரையில் கிடந்தன. பழைய ஆட்சிக்காரன் என்று தன்மேல் பழி வரும் என இத்ரீஸ் நடுங்கினார். பழியைத் தூக்கி அப்பா தலையில் போட்டு, விசாவை ரத்துச் செய்யச் சொன்னார். அப்பாவுக்கு விசா கொடுத்த அரபி முதலாளி, கபீல், சுருக்கமாகச் சொன்னார்: மன்னிப்புக் கேள், இல்லையென்றால் விசா கலாஸ், தீர்ந்தது.

"கேட்டிருங்கப்பா. ரெண்டு வார்த்த," என்றேன்.

"நாலுல எவன்ட்டலே கேக்க? துப்புன வாய்ட்டயா?"

"வேல போயிரும்."

ஸ்க்ரூக்களை என் கையில் கொட்டினார். "செரி மக்கா, போறேன். வயித்துக்கு ஏது மானம்."

சனிக்கிழமை காலை சட்டைப் பொத்தான் போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழவில்லை.

உடலை ஊருக்கு அனுப்ப முதலில் விசாவை ரத்துச் செய்ய வேண்டும். கபீல் கையெழுத்துப் போட்டார். இத்ரீஸ் விரும்பியது நடந்தது. சாவு தெரியாமல், அந்தச் சனிக்கிழமை மதியமே அந்த மனிதர் கடைக்கு ஃபோன் செய்து, "மரியராஜ் ஏன் இன்னும் வரவில்லை?" என்று கேட்டாராம்.

அப்பா கிளப்புக்குப் போகவே இல்லை. அவருக்குப் பதிலாக நானும் போகவில்லை.