முப்பத்தொரு சொல்லில் தோற்றவர்

1982ஆம் ஆண்டு, சிங்கப்பூர் ஷென்டன் வேயில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தில், ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தேன். எங்களிடம் ஒரே ஒரு கணினி, அதற்குப் புரோகிராம் எழுத ஒரே ஒருவர். அந்த ஒருவரும் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டார். முப்பது நாளில் அனுபவமுள்ள ஆளைக் கொண்டுவராவிட்டால் என்னை ஜூரோங் கிடங்குக்கு மாற்றிவிடுவதாக மேலாளர் சொன்னார். ஜூரோங்குக்கு என் வீட்டிலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். எனக்கு அப்போதே முதுகுவலி.

நாளிதழில் மூன்று முறை விளம்பரம் கொடுத்தேன். நாற்பத்தொரு விண்ணப்பங்கள் வந்தன. முப்பத்தெட்டு பேர் அப்போதுதான் படிப்பை முடித்தவர்கள். மிச்சம் மூவரில் இருவர் நேர்முகத்துக்கே வரவில்லை. வந்தவர் ஒரு தமிழ் முஸ்லிம், பதினோரு ஆண்டு அனுபவம். அவருடைய பழைய கம்பெனி மூடப்பட்டிருந்தது.

அவரை நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் வழக்கப்படி, புதிய குமாஸ்தாக்களோடு உட்காரவைத்து டைப்பிங் தேர்வு வைத்தேன். நிமிடத்துக்கு நாற்பது சொல் வேண்டும். அவர் அடித்தது முப்பத்தொன்று. தேறவில்லை என்று கடிதம் அனுப்பிவிட்டேன். போகும்முன் அவர் கேட்டது ஒன்றுதான். இப்போது ஓடும் புரோகிராமைப் பார்க்க முடியுமா என்றார். கம்பெனி ரகசியம் என்று மறுத்துவிட்டேன்.

மறுநாள், கிளம்பவிருந்த புரோகிராமரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். புரோகிராமர்கள் தாளில் பென்சிலால்தான் எழுதுவார்களாம், அதைத் தட்டச்சு செய்வது அடுத்த அறைப் பெண்களாம். மூன்றாண்டு அதே மாடியில் இருந்தும் எனக்கு இது தெரியாது.

ஒன்பது நாள்தான் மிச்சம். சனிக்கிழமை மதியம் விண்ணப்பத்தில் இருந்த முகவரியைத் தேடி ஃபேரர் பார்க் போனேன். கீழே கடையில் இருப்பதாக அவர் மனைவி சொன்னார். தேநீரோடு உட்கார்ந்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எழுதி எடுத்துப்போன ஆறு சலுகைகளையும் வாசித்தேன். கூடுதல் சம்பளம், கூடுதல் விடுப்பு, ஜன்னலோர மேசை, கார் நிறுத்த இடம் என்று ஒன்று விடவில்லை. இரண்டு பெரிய கம்பெனிகள் ஏற்கெனவே இதையெல்லாம் தருவதாகச் சொல்லியிருக்கின்றன என்றார். பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன். பிறகு இந்த ஆட்களுக்கு என்னதான் வேண்டும்?

"டைப்பிங்ல ஃபெயில் ஆனத பிள்ளைங்ககிட்ட சொன்னேன் சார். ரெண்டு நாளா சிரிக்கிறாங்க. அது பரவால்ல. பொண்ணக் காட்ட மாட்டேன், தாலிய மட்டும் கட்டுன்னா எப்படி லா?" என்றார் அவர்.

திங்கட்கிழமை, புரோகிராமை அவருக்குக் காட்ட அனுமதி கேட்டு மேலாளரிடம் கெஞ்சினேன். வெளியாளிடம் காட்டி ஏதாவது ஆனால் என் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை பாய் வந்தார். புரோகிராம் அச்சடித்த தாள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. பழைய புரோகிராமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் படித்தார். நான்கு முறை சிரித்தார். பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே போனார். இருபத்தாறு வட்டங்கள். அழகான இடங்களுக்குத்தான் போடுகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொன்றும் ஒரு பிழை என்று பழையவர் என் காதில் சொன்னார். ஒழுகுகிற வீட்டை நாமே திறந்து காட்டிவிட்டோம், இனி யார் வருவார்?

அவர் தாள்களை அடுக்கிவைத்துவிட்டு, எப்போது சேர வேண்டும் என்று கேட்டார். அந்த ஆறு சலுகைகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிச்சமிருக்கும் ஐந்து நாளும் பழையவர் தன்னோடு உட்கார்ந்தால் போதும் என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. "பாய், இவ்வளவு தப்பு இருக்கே?"

"தப்பில்லாம ஓடுற எடத்துல நான் எதுக்கு சார்?"

அவர் எங்களிடம் ஏழு ஆண்டு இருந்தார், நானும் ஜூரோங் போகவில்லை. மூடி வைத்தபோது விலகிப்போன மனிதர் இருபத்தாறு பிழைகளைப் பார்த்த பிறகு ஏன் வந்தார் என்பது இத்தனை வயதாகியும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து, யாரை உதவிக்கு அழைத்தாலும் எது சரியில்லையோ அதைத்தான் முதலில் காட்டுகிறேன், கொஞ்சம் பயத்தோடுதான்.