விசில உள்ள வைங்க, ஏட்டையா

"சிஸ்டர், ஜீப்புல ஏறுங்க."

"எங்க ஏட்டையா?"

"குத்தாலத்துக்குத்தான். மெயினருவில ஒரு புள்ள பாறை மேல ஏறி நிக்கா. எறங்க மாட்டேங்கா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"விசிலடிச்சோம்."

"அவ?"

"இன்னுங் கொஞ்சம் மேல ஏறிட்டா."

"பெறவு?"

"பெறவென்ன, இன்னுங் கொஞ்சம் சத்தமா அடிச்சோம்."

முத்துவடிவு கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். "மொதல்ல அந்த விசில உள்ள வைங்க. ஏட்டி வேதா, ஊசிப் பெட்டிய எடுத்துட்டு வா."

1983ஆம் வருடம், சாரல் காலம். தென்காசி அரசு மருத்துவமனையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீட்டு எழுதும் வேலைக்கு நான் புதிதாகச் சேர்ந்திருந்தேன். யாரோடும் அதிகம் பேசமாட்டேன். முத்துவடிவு கூப்பிட்டால் மட்டும் ஏன் என்று கேட்காமல் எழுந்துவிடுவேன்.

பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குபவரின் மகள் அவள். நர்சிங் முடித்து, பெங்களூரில் ஒரு வருடம் மனநோயாளிகளைக் கவனிக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள். இங்கே அந்தப் படிப்பை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. காய்ச்சல்காரர்களுக்கு ஊசி போட வைத்தார்கள். ஒருமுறை ஆலங்குளம் பஸ் நிலையத்தில் அரிவாளோடு நின்ற ஒருவனிடம், பஸ்ஸுக்கு நின்றவள் அவளாகப் போய்ப் பேசி, அரிவாளை வாங்கிப் போலீஸிடம் கொடுத்தாள். அன்று அங்கே காவலுக்கு நின்றவர் இந்த ஏட்டையாதான், தலைமைக் காவலர் இசக்கிப்பாண்டி. அதிலிருந்து இப்படி ஏதாவது என்றால் ஏட்டையாவின் ஜீப் நேராக எங்கள் வாசலுக்கு வரும். அரசாங்க உத்தரவு எதுவும் கிடையாது. ஜீப் வரும், இவள் ஏறுவாள், அவ்வளவுதான்.

அருவியின் இரைச்சல் ஜீப்பை நிறுத்தும் முன்பே நெஞ்சில் வந்து மோதியது. பெண்கள் குளிக்கும் பக்கத்தைக் காலி செய்திருந்தார்கள். ஈரப் புடவையோடு அத்தனை பெண்களும் அண்ணாந்து நின்றார்கள். தண்ணீர் விழும் இடத்துக்குப் பக்கவாட்டில், வழுக்குப் பாறையின் மேல், மாடத்தி. என் வயதுதான் இருக்கும். ஒரு காலைத் தவறாக வைத்தால் போதும். கீழே வெறும் கல்.

"உச்சந்தலையில அருவித்தண்ணி விழுந்தா புத்தி தெளிஞ்சிரும்னு கூட்டியாந்தோம் தாயி," என்று அழுதாள் அவள் அம்மா ரெங்கம்மாள். "நாந்தான் பிடிச்சு நிப்பாட்டினேன். உருவிக்கிட்டு ஓடிட்டா."

அதற்குள் ஒரு போலீஸ்காரர் பெல்ட்டையும் பூட்ஸையும் கழற்றிவிட்டு, மாடத்தியின் முதுகுப் பக்கமாகப் பாறையில் ஏறத் தொடங்கியிருந்தார்.

"எண்ணெ தேச்சியளா?" என்றாள் முத்துவடிவு திடீரென்று.

"உச்சியில இருந்து உள்ளங்கால் வர. நல்லா ஊறணும்னாவ."

"ஏட்டையா, அவர எறங்கச் சொல்லுங்க! எண்ணெ ஒடம்பு. பிடிச்சா கையில நிக்காது. ரெண்டு பேருமா சேந்து கீழ வருவாவ!"

ஏட்டையாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவள் முறைத்ததும் விசிலை விட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி அந்தப் போலீஸ்காரரை இறக்கினார்.

"அப்பம் எப்படித்தான் பிடிக்க?"

"இப்பம் பிடிக்காண்டாம்." அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். "யார்ட்டயாவது சீயக்கா இருக்கா?"

பொட்டலம் பொட்டலமாகக் கைகள் நீண்டன. "எம்பொடியில வெந்தயமும் போட்ருக்கு, முடிக்கு நல்லது," என்றாள் ஒருத்தி, அந்த நேரத்திலும்!

செருப்பை என்னிடம் தந்துவிட்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, முத்துவடிவு பாறையில் உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து நகர்ந்து ஏறினாள். கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுவிட்டாள். அங்கே யார் பேசினாலும் கீழே கேட்காது. கண்ணால்தான் பார்க்க முடிந்தது.

அவள் மாடத்தியைப் பார்க்கவே இல்லை. கொண்டையை அவிழ்த்தாள். சீயக்காயைக் குழைத்துத் தன் தலையில் தேய்த்தாள்! வெள்ளைப் புடவையில் பழுப்பாக வழிந்தது. "சிஸ்டருக்கு என்ன ஆச்சு?" என்றார் ஏட்டையா என் காதருகே. மாடத்தி கண்ணைக் கசக்கிக் கசக்கி அவளையே பார்த்தாள். முத்துவடிவு ஏதோ ஒரு வார்த்தை சொல்லி, மீதிச் சீயக்காயை உள்ளங்கையில் நீட்டினாள்.

மாடத்தி பின்னால் ஒரு கால் வைத்தாள். ரெங்கம்மாள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

அப்புறம் மாடத்தி மெல்லக் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து கொடுத்தாள்.

தலை, கழுத்து, தோள், கை, கால் என்று முத்துவடிவு தேய்த்த தேய்ப்பு! சாரலே எல்லாவற்றையும் அலசிவிட்டது. எண்ணெய் முழுதும் போன பிறகுதான் மாடத்தியின் கையைப் பிடித்தாள். இப்போது பிடி நின்றது. இருவரும் உட்கார்ந்தபடியே இறங்கி வந்தார்கள், குளித்து முடித்த அக்கா தங்கை மாதிரி.

"கயிறு ஜீப்புல கெடக்கு சிஸ்டர்..."

"துண்டு கெடக்கா ஏட்டையா? பிள்ளைக்குக் குளிருது."

ஏட்டையா ஜீப்பில் தன் சீட்டில் விரித்திருந்த துண்டையே எடுத்துக் கொடுத்தார்.

திரும்பும்போது மாடத்தி அம்மாவின் மடியில் தலை சாய்த்திருந்தாள். ஆஸ்பத்திரியில் மருந்து தரலாமா என்று முத்துவடிவு அவளிடமே கேட்டிருந்தாள்; அவளும் தலையாட்டியிருந்தாள். ஊசிப் பெட்டி திறக்காமலே என் மடியில் இருந்தது.

"மேல என்ன சொன்னிய, அக்கா?" என்றேன்.

"கண்ணு எரியுதான்னு கேட்டேன். எல்லாரும் எறங்கு எறங்குன்னு கத்துதாவளே, கண்ணுல எண்ணெ எறங்குனத யாரு கேட்டா?"

கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டாள். பிறகு ஏட்டையாவின் முதுகை ஒருமுறை பார்த்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்:

"ஏட்டி, நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு இந்த ஜீப்பு வந்தா, நீ ஏறி உக்காந்துருவியா?"