சிவப்புக் கட்டு

என் காரின் கியர் கம்பியில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு மாட்டிக் கிடக்கிறது. கார் கழுவுகிறவர் இரண்டு முறை அதை எடுத்து எறியப் பார்த்தார். இரண்டு முறையும் பாய்ந்து தடுத்தேன். "என்னா சார் இது, பொன்னா?" என்றார். பொன் இல்லை. தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வைத்து மடித்த ஒரு நாசி லெமாக் பொட்டலத்தைச் சுற்றி வந்தது, அவ்வளவுதான். ஆனால் என் அண்ணியின் பொட்டலங்களுக்கும் இதே சிவப்பில்தான் கட்டு இருக்கும்.

ஈப்போவில், பல்கலைக்கழகத்துக்குத் தயாராகும் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பொருளாதாரம் நடத்துவது என் பிழைப்பு. ஒரே மாதிரியான பொருளைப் பல கடைகள் சின்னச் சின்ன வேறுபாடுகளோடு விற்கும்போது, ஒவ்வொரு கடையும் என்ன விலை வைக்கும், எவ்வளவு ஆக்கும் என்றொரு பாடம் ஆண்டுதோறும் வரும். வெண்பலகையில் கோடுகளைப் போடுவேன். மனம் சுங்கை சிப்புட் முச்சந்திக்குப் போய்விடும். அங்கே பிளாஸ்டிக் மேசைக்குப் பின்னால் அண்ணி நிற்பார்.

அண்ணன் லாரி ஓட்டியவர். கட்டை ஏற்றும்போது முதுகில் அடிபட்டுப் படுத்தவர் எழவில்லை. புரண்டு படுக்கக்கூட இன்னொருவர் கை வேண்டும். காலையில் நாசி லெமாக் விற்றால் பத்தரைக்குள் அண்ணி வீடு திரும்பிவிடலாம். அதுவரை பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வார். கடை நிற்கவில்லையென்றால் கையுறைத் தொழிற்சாலைதான், பன்னிரண்டு மணி நேர வேலை. அப்புறம் அண்ணனைப் புரட்டிவிட யார் இருக்கிறார்கள்?

தினமும் அறுபது பொட்டலம் கட்டுவார். கடைசிப் பொட்டலம் போவதும் மேசையை மடிப்பதும் சரியாக இருக்கும். ஒரு சனிக்கிழமை, சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன்: "பானையில நூறு பொட்டலத்துக்குச் சோறு ஆகும்போல இருக்கே அண்ணி, ஏன் அறுபதோட நிறுத்திடுறீங்க?"

வாழையிலையைத் துடைத்தபடியே சொன்னார்: "இந்த வெலைக்கு அறுபது பேருதான் தம்பி வருவாங்க. இன்னும் நாப்பது பேரு வேணும்னா வெலைய கொறைக்கணும். அந்த நாப்பது பேருக்கு மட்டும் கொறைக்க முடியுமா? எல்லாருக்கும்தான லா கொறைக்கணும்!"

இரண்டு வாரம் கோடு கிழித்து நான் விளங்க வைப்பதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அசந்துபோனேன். அசந்ததோடு சரி, புத்தியில் ஏறவில்லை.

நன்றாக ஓடும் கடையைப் பார்த்தால் நாலு பேருக்கு ஆசை வராதா? ஓராண்டுக்குள் அதே முச்சந்தியில் இன்னும் நான்கு மேசைகள் முளைத்தன. ஒருவர் பொரித்த கோழி வைத்தார், ஒருவர் கணவாய்ச் சம்பல் வைத்தார், இன்னொருவர் நிழலுக்குப் பெரிய குடை விரித்து நாற்காலி போட்டார். யார் சாப்பாடும் மோசமில்லை. அண்ணியின் அறுபதில் இருபது பொட்டலம் மீந்து வீட்டுக்கு வந்தது. மதியமும் இரவும் இருவரும் அதையே சாப்பிட்டார்கள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாய் அப்போது நான் வாயைத் திறந்தேன். "பொட்டலத்துக்கு இருபது சென் காசு குறைங்க அண்ணி. கூட்டம் இங்க திரும்பும் பாருங்க."

"படிச்சவங்க சொல்றீங்க தம்பி, செஞ்சு பாக்குறேன்."

இரண்டு நாள் கூட்டம் அள்ளியது. மூன்றாம் நாள் கோழிக்காரர் குறைத்தார். வாரம் முடிவதற்குள் எல்லாரும் குறைத்தார்கள். முச்சந்திக்கு வருகிறவர்கள் அதே ஆட்கள்தான். இப்போது ஐந்து மேசையிலும் மலிவாகச் சாப்பிட்டார்கள். இதைவிட மோசம், தினமும் வாங்கும் ஒரு லாரிக்காரர் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டு, "என்னாக்கா, திடீர்னு வெலை மூராவா எறங்கிப்போச்சு? நெத்திலி பழசா?" என்று கேட்டார். மறுநாள் முதல் அவர் வரவில்லை. அண்ணி இதைச் சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனவர் வெகு நேரம் வெளியே வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை போனபோது தொழிற்சாலை வேலைக்கான விண்ணப்பப் பாரம் மேசைமேல் பூர்த்தியாகிக் கிடந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அவ போகட்டும்டா, நான் சமாளிச்சுக்குவேன்" என்றார். தானாகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கக்கூட முடியாத மனிதர் அதைச் சொன்னார். எனக்கு அவமானமாக இருந்தது. இன்றும் இருக்கிறது.

அந்தப் பாரத்தை அண்ணி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பழைய விலைக்கு மேல் பத்து சென் ஏற்றினார். நாற்பதே பொட்டலம் கட்டினார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய காலத்தில் சோற்றுக்குத் தொட்டுக்கொண்ட கருவாட்டுச் சம்பலை உள்ளே வைத்தார். எல்லா மேசையிலும் ஒரே பழுப்புக் காகிதம் என்பதால், தன் பொட்டலம் தெரியட்டும் என்று சிவப்பு ரப்பர் பேண்டு போட்டார். ஒரு மாதத்தில் யாரும் அவரிடம் நாசி லெமாக் கேட்பதில்லை. "அக்கா, செவப்பு ரெண்டு!" என்றுதான் கேட்டார்கள். லாரிக்காரரும் திரும்பி வந்தார்.

அண்ணி பணக்காரியாகிவிடவில்லை. அரிசி, தேங்காய், கேஸ், அவருடைய ஒரு நாள் கூலி எல்லாம் போனால் கையில் மிச்சம் ஒன்றுமில்லை. பாடத்தில் இந்த இடம் வரும்போது பிள்ளைகள், "லாபமே இல்லையா சார், பாவம்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். கூலி உள்ளே இருக்கிறதே! அந்தக் கூலியில்தான் அண்ணன் பதினோரு வருடம் முதுகில் ஒரு படுக்கைப்புண் இல்லாமல் வாழ்ந்தார்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க அண்ணி விடவுமில்லை. முச்சந்தியில் என் தலை தெரிந்தாலே போதும், "எல்லாரும் செத்த பொறுங்க லா, வாத்தியார் வந்துட்டாரு, வெலை எறங்கப்போவுது!" என்று கத்துவார். கூட்டம் சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படியே காலம் போய்விட்டது. அண்ணன் போனார், இரண்டு வருடத்தில் அண்ணியும் போனார்.

போன மாதம் அந்த வழியாக வந்தபோது காரை நிறுத்தினேன். முச்சந்தியில் இப்போது ஆறு மேசைகள். ஒன்றில் இளம்பெண் ஒருத்தி சிவப்புக் கட்டுப் போட்ட பொட்டலங்களோடு நின்றாள்.

"செவப்புனா எங்க கடைதான் அங்கிள். நாங்கதான் மொதல்ல ஆரம்பிச்சது."

வந்ததே எனக்கு ஆத்திரம்! பேச வாயெடுத்தேன். அதற்குள் அவள் மேசையில் பாதிக்கு மேல் விற்காமல் குவிந்திருந்தது கண்ணில் பட்டது. மணி பத்தாகிவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"ரெண்டா எடுத்தா முப்பது சென் கொறைச்சுத் தரேன் அங்கிள்."

"கொறைக்காதம்மா." என் குரல் உயர்ந்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒரு சென்கூடக் கொறைக்காத. நாளைக்குக் கொஞ்சம் கம்மியா கட்டு."

கிறுக்கனோ என்பதுபோல் பார்த்தாள். முழு விலை கொடுத்து இரண்டு வாங்கிக்கொண்டு காருக்குள் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். கருவாட்டுச் சம்பல் இல்லை, வழக்கமான நெத்திலிதான். நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்து, பக்கத்தில் இருந்த காலி இருக்கையைப் பார்த்து, "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றேன். பிறகு அந்த ரப்பர் பேண்டைக் கியர் கம்பியில் மாட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.