பிளசர் காருக்குப் புளிக்கரைசல்

நான் படித்தது அஞ்சாவது வரைக்கும்தான். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளணும்.

எங்கள் நைனா உத்திரமேரூர் ரைஸ் மில் முதலாளியின் பிளசர் காருக்கு டிரைவர். காஞ்சிபுரம் போவதற்குள் அது மூணு இடத்தில் கொதித்து ஆவி விடும். தன் மகளுக்கு முகூர்த்தப் புடவை எடுக்கப் போகிறதுக்கு முந்தின நாள் காலையில் முதலாளி சொல்லிவிட்டார்: "நாளைக்கு வழியில நின்னா, சாவிய குட்த்துட்டு வூட்டையும் காலி பண்ணிடு." நாங்கள் குடியிருந்தது அவர் வீட்டில்.

நைனா வண்டியை எங்கள் வாசலுக்கே கொண்டுவந்தார். இன்ஜின் ஆறினதும் ரேடியேட்டரின் அடியில் இருக்கிற குழாயைத் திறந்தார். செம்மண் குழம்பாக வந்தது. சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி திறந்தார். நூல் மாதிரிதான் ஒழுகிச்சு. எப்போதும் ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து கல்லாகியிருந்தது. நைனா தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

குடம் துலக்கிக்கொண்டிருந்த அம்மா கேட்டாங்க: "அது உள்ள இன்னாய்யா, இரும்பா?"

"பித்தளை."

"பித்தளைக்குப் புளி போடாம சோடா போட்டுக்கினு கீறியே!"

"இன்னா, வண்டிக்கு ரசம் வெக்கிறியா?"

கிண்டல் செய்தாலும் கேட்டுக்கொண்டார். புளியைக் கரைத்து, துணியில் வடிகட்டி ஊற்றி ஓடவிட்டதில் தெரு முழுக்க ரச வாசனை. அடிக்குழாயைத் திறந்தால், சுண்ணாம்புப் பொருக்காகக் கொட்டுது! தண்ணீர் தெளியும்வரை குடம் குடமாக அலசினோம். கடைசியில் நிரப்புவதற்கும் நைனா அதே உப்புக் கிணற்றுத் தண்ணீரையே தூக்கினார். பெரியவர்கள் எதிரில் எனக்கு வாயே வராது. அன்றைக்கு வந்துவிட்டது.

"நைனா, அதுல பருப்பே வேவாதே."

நைனா குடத்தை அப்படியே இறக்கிவிட்டார். ஏரிக்கரைக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் நானே சுமந்து வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டி தெருவில் நுழைந்தது. போகவும் வரவும் ஒரு இடத்திலும் கொதிக்கலை! முதலாளியே இறங்கி பானட்டில் கை வைத்துப் பார்த்து, "எந்த மெக்கானிக்குடா?" என்றார்.

"வூட்லயே ரெண்டு மெக்கானிக்கு கீறாங்க மொதலாளி. ஒண்ணு மூணாவது படிக்குது."

அம்மா வெட்கப்பட்டு உள்ளே ஓடிட்டாங்க. நான் தெருவெல்லாம் குதித்துவிட்டு வந்து பார்த்தால், அவங்க முந்தின ராத்திரி கட்டிவைத்த கோணி மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தாங்க. அந்த மூட்டை, பழையசீவரம் மாமா வீட்டுக்குத் திருநாளுக்குப் போகத்தான் என்று நினைத்திருந்தேன். போகலையே என்று ஓவென்று அழுதேன். அம்மா சிரிச்சுக்கினே அடுக்கினாங்க.

புளி எவ்வளவு, எத்தனை நேரம் ஓடவிட்டார் என்பதெல்லாம் நினைவில்லை. இப்போதைய வண்டிகளுக்கு ஆகுமோ ஆகாதோ. வண்டி வேலை தெரிந்தவர்கள் யாராவது நான் எழுதினது சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை யாரும் ஊற்றிடாதீங்க.