காமிராவுக்கு முதுகு

நாற்பத்தொரு படம். 1911 முதல் 1921 வரை இத்தாலியின் டூரின் நகர ஸ்டூடியோக்களில் ஒரெஸ்தே கிபாவுதோ விழுந்த கணக்கு இது. குதிரையிலிருந்து விழுந்தான், கூரையிலிருந்து விழுந்தான், ஓடும் டிராமிலிருந்து விழுந்தான். ஒன்றில்கூட அவன் முகம் கிடையாது. விழும்போது காமிராவுக்கு முகத்தைக் காட்டாதே என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். விழுவது கதாநாயகன் வால்தியேரிதான் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே.

ஒருநாள் வால்தியேரி பெர்லின் கம்பெனி ஒன்றுக்குப் போய்விட்டான். அவனுக்குத் தைத்துவைத்த உடுப்பெல்லாம் ஒரெஸ்தேவுக்கும் அளவுதான். அதனால் அவனே கதாநாயகன் ஆனான். காதல் காட்சியில்கூடப் பழக்கதோஷத்தில் முதுகைக் காட்டினான். "மூஞ்சி, மூஞ்சி" என்று கத்தியே டைரக்டருக்குத் தொண்டை கட்டியது.

அடுத்த படத்தைத் தானே டைரக்ட் செய்ய முதலாளி அவொந்தோவிடம் வாய்ப்புக் கேட்டான். டூப் இல்லாமல் நாயகனே பாலத்திலிருந்து ஆற்றில் குதிப்பான், முகம் பளிச்சென்று தெரியும் என்றான். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அவர் சம்மதித்தார். ஜனங்கள் நம்பினால் அடுத்த படமும் உனக்கு, இல்லையென்றால் பழைய வேலை என்று சொல்லிவிட்டார்.

மார்ச் மாதக் குளிரில் குதித்து, நீந்திக் கரையேறினான். காமிராக்காரர் பினின் மெதுவாகச் சொன்னார்.

"மூஞ்சியத் திருப்பிட்டியேடா."

"நான் திருப்பல."

"லென்ஸ்ல கண்ணை வச்சிருந்தது நீயா, நானா?"

கழுத்தை விறைத்துக்கொண்டு மறுபடி குதித்தான். இந்தத் தடவை காறை எலும்பு முறிந்தது. இன்னொரு தடவைக்கு உடம்பு இடம் கொடுக்கவில்லை. "இப்பவும் முதுகுதான்" என்று பினின் படச்சுருளைக் கழற்றினார்.

படம் வெளியான ஞாயிறு, தோள்கட்டோடு மனைவி தெல்பினா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பாலம் வந்தது. ஊமைப் படத்துக்கு வாசித்துக்கொண்டிருந்த பியானோக்காரர் வேகம் கூட்டினார். பின்வரிசையில் ஒருவன் சத்தமாகவே சொன்னான்.

"மூஞ்சியக் காட்டுறானா பாரு. டூப்புடா."

கொட்டகையே சிரித்தது. தெல்பினா எழுந்து திரும்பினாள்.

"அது என் புருஷன்யா."

"இருக்கட்டும்மா. டூப்புக்கும் பொண்டாட்டி உண்டுதானே."

ஒரெஸ்தே அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தான். திரையில் விழுகிறவனைப் பார்த்தால் அவனுக்கே வால்தியேரி போலத்தான் இருந்தது.

ஜூலையில் வால்தியேரி பெர்லினிலிருந்து திரும்பி வந்தான். முதல் காட்சி அதே பாலத்தில். ஒரெஸ்தே குதித்தான். ஒரே தடவையில் சரியாக வந்தது.